சிறிய விமானத்தில் தொடங்கும் நீண்ட வரிசை



அமெரிக்காவில் ஒரு பயணி டெல்டா, யுனைடெட், அமெரிக்கன் போன்ற பெரிய நிறுவனம் ஒன்றிடம் பயணச்சீட்டு வாங்குகிறார். வந்து நிற்கும் விமானத்தின் வாலிலும் அதே நிறுவனத்தின் சின்னம்தான். ஆனால் கதவருகே சிறிய எழுத்தில் வேறொரு பெயர் இருக்கும். விமானத்தைச் செலுத்துபவர் அந்தச் சிறிய எழுத்து நிறுவனத்தின் ஊழியர். அவருடைய சம்பளம் வேறு, சங்க ஒப்பந்தம் வேறு, வரிசை எண்ணும் வேறு. இவற்றுக்குத்தான் வட்டார விமான நிறுவனங்கள் என்று பெயர். பெரிய நிறுவனத்தின் விமானி ஆவதற்கு இளைஞர் பலர் நுழையும் வாசல் இதுவே.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது? 1978ல் அமெரிக்க அரசாங்கம் விமானக் கட்டணங்களுக்கும் வழித்தடங்களுக்கும் இருந்த கட்டுப்பாட்டை நீக்கியது. அதன் பிறகு பெரிய நிறுவனங்கள் அட்லாண்டா, சிக்காகோ போன்ற சில நகரங்களை மையமாக வைத்துக்கொண்டு, சுற்றியுள்ள ஊர்களின் பயணிகளைச் சிறிய விமானங்களில் கொண்டுவந்து சேர்க்கும் முறையை விரிவுபடுத்தின. அந்தச் சிறிய பறப்புகளை நடத்தித் தர வட்டார நிறுவனத்திற்கு ஒரு பறப்புக்கு இவ்வளவு என்று தொகை பேசப்படும். சீட்டு விற்பது, நேரம் குறிப்பது, எரிபொருள் செலவை ஏற்பது ஆகியவை பெரும்பாலும் பெரிய நிறுவனத்தின் பொறுப்பு. அப்படியானால் வட்டார நிறுவனம் எதில் மிச்சம் பிடிக்கும்? ஆட்களின் சம்பளத்தில்தான். 2009 வாக்கில் அமெரிக்க உள்நாட்டுப் பறப்புகளில் ஏறக்குறைய பாதி இப்படித்தான் நடந்தது.

குறைந்த சம்பளத்திற்கு இளைஞர்கள் ஏன் சம்மதித்தார்கள்? பயிற்சிக்கு ஏறக்குறைய ஒரு இலட்சம் டாலர் கடன் வாங்கியவர்கள்கூடப் போட்டி போட்டுக்கொண்டு வந்தார்கள். இதைப் புரிந்துகொள்ள 'பணிமூப்பு' என்ற ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும்.

அமெரிக்க விமான நிறுவனங்களில் ஒவ்வொரு விமானிக்கும் ஒரு வரிசை எண் உண்டு. வேலைக்குச் சேர்ந்த நாளை வைத்து அந்த எண் அமைகிறது. எந்த ஊரிலிருந்து பறப்பது, எந்த வகை விமானம், எப்போது தலைமை விமானி ஆவது, கிறிஸ்மஸ் அன்று வீட்டில் இருப்பதா, வானத்தில் இருப்பதா, எல்லாவற்றையும் அந்த எண்ணே தீர்மானிக்கிறது. மேலே இருப்பவர் முதலில் தேர்ந்தெடுப்பார், மிச்சம் கீழே வரும். அடியில் இருப்பவருக்கு மிச்சமாகக் கிடைப்பது பெரும்பாலும் காத்திருப்புப் பணி. தொலைபேசி அடித்தால் புறப்பட வேண்டும். ஆள்குறைப்பு வந்தால் அது கீழிருந்து மேலே போகும். திறமையானவர், திறமை குறைந்தவர் என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை.

இதில் ஒரு நியாயம் உண்டு. மேலாளருக்குப் பிடித்தவர், பிடிக்காதவர் என்ற பாகுபாடு நுழைய முடியாது. மோசமான வானிலையில் பறக்க மறுக்கும் விமானி தன் பதவி உயர்வை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் இந்த எண்ணை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொரு நிறுவனத்திற்குக் கொண்டுபோக முடியாது என்பதுதான் சிக்கல். இருபது ஆண்டு அனுபவமுள்ள தலைமை விமானியும் வேறு நிறுவனம் போனால் கடைசி ஆளாகத்தான் நிற்க வேண்டும். 1991ல் ஈஸ்டர்ன் நிறுவனமும் பான் அமெரிக்கன் நிறுவனமும் மூடப்பட்டபோது நரைத்த தலையுடன் பலர் அப்படித்தான் நின்றார்கள். 2001ல் டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தை அமெரிக்கன் வாங்கியபோது, டி.டபிள்யூ.ஏ. விமானிகளில் பெரும்பகுதியினர் பட்டியலின் அடியில் ஒட்டப்பட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு ஆள்குறைப்பு வந்தது. அடியில் இருந்தவர்களில் பலர் வேலை இழந்தார்கள்.

ஆகவே இளம் விமானியின் கணக்கு இதுதான்: வட்டார நிறுவனத்தில் சில ஆண்டு பல்லைக் கடித்துக்கொண்டு பறக்க வேண்டும், தலைமை விமானியாக வேண்டும், பெரிய நிறுவனம் ஆள் எடுக்கும்போது முந்திக்கொண்டு நுழைய வேண்டும். ஒரு மாதம் முந்திச் சேர்ந்தவர் வாழ்நாள் முழுவதும் ஒரு மாதம் முன்னே நிற்பார். அந்த இடத்திற்காகத்தான் குறைந்த சம்பளத்தைப் பொறுத்துக்கொண்டார்கள்.

2001க்குப் பிறகு அந்தக் கணக்கு தவறிப்போனது. பெரிய நிறுவனங்கள் வரிசையாகத் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் சென்றன. 2007 டிசம்பரில் விமானிகளின் கட்டாய ஓய்வு வயது 60லிருந்து 65 ஆனது. மேலே இருந்தவர்கள் இன்னும் ஐந்து ஆண்டு இருந்தார்கள், கீழே இருந்தவர்கள் ஐந்து ஆண்டு நகரவில்லை. 2008ல் பொருளாதார நெருக்கடி. அந்தக் காலத்தை 'இழந்த பத்தாண்டு' என்று அமெரிக்க விமானிகள் குறிப்பிடுகிறார்கள். சில ஆண்டுகள் என்று நினைத்து வட்டார நிறுவனத்தில் நுழைந்தவர்கள் பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் அங்கேயே தங்கிவிட்டார்கள்.

இந்தச் சூழலில்தான் 2009 பிப்ரவரி 12ஆம் தேதி இரவு கோல்கன் ஏர் விபத்து நடந்தது. நியூவார்க்கிலிருந்து பஃபலோ நகருக்குச் சென்ற விமானம் அது. வெளியே கான்டினென்டல் நிறுவனத்தின் பெயர், செலுத்தியது கோல்கன் ஏர். தரையிறங்கச் சில நிமிடங்கள் இருக்கையில் விமானத்தின் வேகம் குறைந்தது. வேகம் மேலும் குறைந்தால் இறக்கைகள் விமானத்தைத் தாங்காது என்று எச்சரிக்க விமானியின் கைப்பிடி தானாகவே அதிரும். அப்போது மூக்கைக் கீழே இறக்கி, இயந்திர விசையைக் கூட்ட வேண்டும். தலைமை விமானி கைப்பிடியைத் தன் பக்கம் இழுத்தார். விமானம் ஒரு வீட்டின் மீது விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும், வீட்டில் இருந்த ஒருவரும் மாண்டனர்.

விசாரணையில் வெளிவந்த விவரங்கள்தான் மக்களை உலுக்கின. துணை விமானிக்கு 24 வயது. முதல் நாள் இரவு சியாட்டல் நகரிலிருந்து சரக்கு விமானத்தில் இடம் கேட்டு ஏறி, மெம்பிஸ் நகரில் மாறி, காலையில் நியூவார்க் வந்து சேர்ந்தவர் அவர். வேலைக்கு முன் விமானப் பணியாளர் அறையில்தான் ஓய்வு. தலைமை விமானியும் அந்த அறையில்தான் இரவைக் கழித்திருந்தார். துணை விமானியின் ஆண்டுச் சம்பளம் ஏறக்குறைய 16,000 டாலர் என்று விசாரணையில் பேசப்பட்டது. நிறுவனம் பின்னர் அதைவிடக் கூடுதலான ஒரு தொகையைச் சொன்னது. எந்தத் தொகையானாலும் நியூவார்க் பக்கம் வீடு எடுத்துத் தங்க அது போதாது. தலைமை விமானி முன்பு சில பறப்புச் சோதனைகளில் தேறாதவர். அவற்றில் சிலவற்றை வேலைக்கு மனுச் செய்தபோது அவர் குறிப்பிடவில்லை என்பதும் தெரிய வந்தது. விபத்துக்குக் காரணம் தலைமை விமானியின் தவறான நடவடிக்கை என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு செய்தது. களைப்பு எவ்வளவு பங்கு வகித்தது என்பதை அதனால் அளவிட முடியவில்லை.

மாண்டவர்களின் குடும்பத்தினர் வாஷிங்டனுக்கு நடையாய் நடந்தார்கள். 2010ல் சட்டம் வந்தது. அதன்படி 2013லிருந்து துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரப் பறப்பு அனுபவம் வேண்டும். முன்பு 250 மணி நேரத்தில் கிடைக்கும் வர்த்தக உரிமமே சட்டப்படி போதுமானதாக இருந்தது. இராணுவ விமானிகளுக்கு 750 மணி, விமானத் துறையில் அங்கீகரிக்கப்பட்ட பட்டப் படிப்பு முடித்தவர்களுக்கு 1,000 மணி என்று சலுகை உண்டு. களைப்பைத் தடுக்கும் புதிய ஓய்வு நேர விதிகள் 2014 ஜனவரியில் நடப்புக்கு வந்தன. பணிக்கு முன் பத்து மணி நேர ஓய்வு, அதில் எட்டு மணி நேரம் தடையின்றித் தூங்க வாய்ப்பு என்பது அவற்றில் முக்கியமானது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். விபத்தில் சிக்கிய இருவருமே 1,500 மணி நேரத்தைத் தாண்டியவர்கள். தலைமை விமானி 3,300 மணிக்கு மேல், துணை விமானி 2,200 மணிக்கு மேல் பறந்தவர்கள். அந்த எண்ணிக்கை அவர்களைக் காப்பாற்றவில்லை. சிறிய விமானத்தில் விளம்பரத் துணியை இழுத்துக்கொண்டு கடற்கரை மேல் சுற்றுவதும் பறப்பு நேரம்தான். அதில் ஆயிரம் மணி நேரம் சேர்த்தவர், கைப்பிடி அதிரும்போது என்ன செய்ய வேண்டும் என்பதைக் கற்றுவிடுவார் என்று சொல்ல முடியாது. பயிற்சி முறையிலும் ஓய்வு விதியிலும் வந்த மாற்றமே பெரிது என்று வாதிடுபவர்களின் பக்கம் நியாயம் அதிகம் இருக்கிறது. குடும்பத்தினரோ அந்த 1,500ஐ விட்டுக்கொடுக்க மறுக்கிறார்கள். விட்டுக்கொடுத்தால் அடுத்து ஓய்வு நேரத்திலும் கை வைப்பார்கள் என்ற அச்சம் அவர்களுக்கு. அந்த அச்சத்தையும் குறை சொல்வதற்கில்லை.

சட்டம் எழுதியவர்கள் எதிர்பார்த்தார்களோ இல்லையோ, அது சம்பளத்தை மாற்றியது. 1,500 மணி நேரம் சேர்க்க இளைஞர்கள் பயிற்றுநராகவும் குழாய்ப் பாதைகளைக் கண்காணிப்பவராகவும் மேலும் ஓரிரு ஆண்டுகள் பறக்க வேண்டியிருந்தது. ஆட்கள் குறைந்தார்கள். 2012 டிசம்பரிலிருந்து 65 வயதானவர்கள் ஓய்வு பெறத் தொடங்கினார்கள். பெரிய நிறுவனங்கள் ஆள் எடுத்தன. வட்டார நிறுவனங்கள் முதலில் சேர்ப்பு ஊக்கத்தொகை கொடுத்துப் பார்த்தன, பிறகு சம்பளத்தையே ஏற்ற வேண்டியதாயிற்று. 2022 ஜூனில் அமெரிக்கன் குழுமத்தின் என்வாய், பீட்மான்ட் நிறுவனங்கள் முதலாண்டுத் துணை விமானிக்குப் பறப்பு மணிக்கு 90 டாலர் என்று அறிவித்தன. மற்றவையும் பின்தொடர்ந்தன. மணிக் கட்டணத்தைப் பெருக்கி மாதச் சம்பளம் பார்ப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. விமானம் புறப்பட நகரும்போதுதான் அந்த மணி ஓடத் தொடங்கும். விமான நிலையத்தில் காத்திருக்கும் நேரத்திற்கு அந்தக் கணக்கு இல்லை.

சேர்ப்பு முறையும் மாறியது. என்வாய், பீட்மான்ட், பி.எஸ்.ஏ. மூன்றிலும் பறப்பவர்கள் முறை வரும்போது அமெரிக்கன் நிறுவனத்திற்கு மாறிச் செல்ல ஒப்பந்தம் இருக்கிறது. யுனைடெட் தன் 'ஏவியேட்' திட்டத்தில் மாணவப் பருவத்திலேயே வழி காட்டுகிறது. 2022ல் அரிசோனாவில் சொந்தப் பயிற்சிப் பள்ளியையும் திறந்தது. கேட்பதற்கு உறுதியாகத் தெரியும். ஆனால் பெரிய நிறுவனம் ஆள் எடுத்தால்தான் இந்தக் கதவு திறக்கும். கொரோனாக் காலமான 2020ல் அது அடியோடு மூடியது. 2022ல் எல்லாரும் ஒரே நேரத்தில் ஓடும் அளவுக்குத் திறந்தது. 2024ல் மறுபடியும் மெதுவானது.

அந்த ஓட்டத்தில் அடிபட்டவை சிற்றூர்கள். வட்டார நிறுவனங்களில் துணை விமானிகளைவிடத் தலைமை விமானிகளுக்குத்தான் பெரிய பஞ்சம் வந்தது. தலைமை விமானியாக வேண்டுமானால் விமான நிறுவனப் பறப்பில் மேலும் 1,000 மணி நேரம் வேண்டும், அது முடிந்தவரைப் பெரிய நிறுவனம் அழைத்துக்கொள்கிறது. புதியவருக்குப் பக்கத்தில் உட்கார ஆள் இல்லாமல் விமானங்கள் தரையில் நின்றன. அரசாங்க மானியத்தில் நடந்த 29 ஊர்களின் சேவையை நிறுத்தப்போவதாக ஸ்கைவெஸ்ட் 2022 மார்ச்சில் அறிவித்தது. மாற்று நிறுவனம் கிடைக்கும் வரை தொடர வேண்டும் என்று போக்குவரத்து அமைச்சு உத்தரவிட்டது. டொலிடோ, இத்தாகா நகரங்களிலிருந்து அதே ஆண்டு அமெரிக்கன் வெளியேறியது.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள பெற்றோர் அமெரிக்கச் சம்பளத்தைக் கேட்டுவிட்டுப் பிள்ளையின் பயிற்சிக்கு வீட்டை அடமானம் வைப்பதற்கு முன் ஒன்றைக் கருத வேண்டும். இங்கு வழியே வேறு. பயிற்சி விமானியாகத் தேர்வு பெற்றவர் ஏறக்குறைய இருநூறு மணி நேர அனுபவத்துடன் நேராக ஜெட் விமானத்தில் துணை விமானியாக உட்கார முடியும். 1,500 மணி விதி இங்கு இல்லை. அதே சமயம், நிறுவனம் எதுவும் தேர்ந்தெடுக்காமல் சொந்தச் செலவில் உரிமம் பெற்றவருக்கு, மணி நேரம் சேர்க்க அமெரிக்காவில் இருப்பது போன்ற பயிற்றுநர் வேலைகளும் அவ்வளவாக இல்லை. அமெரிக்க வட்டார நிறுவனங்களோ பொதுவாக அங்கு வேலை செய்யும் உரிமை உள்ளவர்களைத்தான் கேட்கின்றன.

அமெரிக்காவில் இப்போது நடக்கும் வாக்குவாதம் மறுபடியும் வயதைப் பற்றியதுதான். ஓய்வு வயதை 67 ஆக்கும் பிரிவை 2023ல் கீழவை ஏற்றுக்கொண்டது. மூத்த விமானிகளில் ஒரு பகுதியினரும் வட்டார நிறுவனங்களும் அதை வரவேற்றார்கள். மிகப் பெரிய விமானிகள் சங்கம் எதிர்த்தது. 2024 மே மாதம் கையெழுத்தான இறுதிச் சட்டத்தில் 67 இடம்பெறவில்லை, 1,500 மணி நேரமும் அப்படியே இருக்கிறது. 65 வயது நிறையும் ஒருவர் சீருடையைக் கழற்றி வைக்கும்போது, அவருக்குக் கீழே உள்ள ஒவ்வொருவரும் ஓர் எண் மேலே நகர்கிறார்கள். அடியில் காலியாகும் இடத்திற்கு, சிறிய எழுத்து நிறுவனத்தில் பறந்துகொண்டிருக்கும் யாரோ ஒருவர் மனுப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார்.