கட்டிலில் கிடப்பது பாடப்பொருள் அல்ல

(கொல்லிமலை திண்ணனூர் நாட்டில் செவிலிய மாணவ மாணவியரிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

உங்க படிப்பில் 'பெட்சைட் கிளினிக்' என்றொரு பயிற்று முறை இருக்கு. ஆசிரியை அஞ்சாறு மாணவிகளோடு கட்டிலைச் சுற்றி நின்று, நோயாளியை வைத்தே பாடம் சொல்வது. நல்ல முறைதான். மூச்சிரைப்பைக் கண்ணால் பார்த்து, நாடியைக் கையால் பிடித்துத்தான் கற்க முடியும்.

ஆனா அந்தக் கட்டிலில் கிடப்பது யாரு? பொது வார்டுக்கு வருவது சேரியும் மலையும்தான். காசு கட்டித் தனியறை எடுத்தவரின் போர்வையைக் கேட்காமல் விலக்கிவிட முடியுமா? 70 கொண்டை ஊசி வளைவு இறங்கிப் போகிற மலையாளிப் பழங்குடிப் பெண்ணிடம் மட்டும் அனுமதி எதுக்கு என்று நினைக்கிறார்கள். அவளுக்குப் புரியாத இங்கிலீஷில் அவள் கருப்பையைப் பற்றி அவள் தலைக்கு மேலேயே பேசுகிறார்கள். இது கல்வி அல்ல, அதிகாரம்.

அதுக்காக முறையையே விட்டுவிடுவதா? இல்லை. அதன் ஒழுங்கைக் கறாராகக் கேளுங்கள். ஊசி போடுவதை முதலில் பொம்மையில் பழகணும். ஆசிரியை செய்து காட்டியதைத் திரும்பச் செய்து காட்டித் தேறிய பிறகே மனித உடம்பைத் தொடணும். நோயாளியிடம் அவர் மொழியில் கேளுங்கள். 'வேணாம்' என்றால் நகருங்கள். அதனால் அவர் சிகிச்சையில் குறை வரக்கூடாது. பிழைப்பாரா மாட்டாரா என்ற விவாதமெல்லாம் கட்டிலைவிட்டுத் தள்ளி வந்தபின்.

இதே கொல்லிமலையில் 1914இல் பிறந்தவர் பால் பிராண்ட். பின்னாளில் வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தவர். விரல்கள் சிதைவதற்குக் காரணம் சதை தானாக அழுகுவதல்ல, வலி தெரியாத கையில் மீண்டும் மீண்டும் படுகிற காயம் என்று காட்டினார். அந்தப் பாடத்தை அவருக்குச் சொல்லித் தந்தது நோயாளிகளின் அன்றாட வாழ்க்கைதான். நோயாளியும் ஆசிரியர்தான், தோழர்களே.

மலமும் ரத்தமும் தீட்டு என்று ஆதிக்க சாதிகள் ஒதுங்கி நின்ற வேலை இது. தொடப்படாமல் ஒதுக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் இன்னிக்கு அதைப் படிக்கிறார்கள். மனிதரை மதித்துத் தொடுவது எப்படி என்று காட்டவேண்டியவர்கள் நாம்தான்.

உங்க செய்முறைப் பட்டியலில் 'நோயாளிக்கு விளக்குக' என்று ஒரு வரி வரும். எல்லோரும் டிக் அடித்துவிட்டுப் போகிற வரி. விளக்கினாயா என்று மாணவியிடம் கேட்டால் போதாது, விளக்கினாளா என்று நோயாளியிடம் கேட்டு அந்த வரிக்கு மார்க் போடச் சொல்லுங்கள். உங்க கல்லூரியில் வைக்கவேண்டிய முதல் கோரிக்கை இதுதான்.