ஒன்பதாவது கேள்வி

மனச்சோர்வைக் கண்டறிய டாக்டர்கள் பயன்படுத்தும் ஒன்பது கேள்விகள் உண்டு. கடந்த இரண்டு வாரமாகத் தூக்கம் எப்படி, பசி எப்படி என்று கேட்டுக்கொண்டே போய், உயிரோடு இருக்கவேண்டாமே என்ற எண்ணம் வந்ததா என்பதில் முடியும். கல்லூரிப் பிள்ளைகளுக்கு மனநலச் செயலி செய்கிறவர்கள் முதலில் யோசிக்கவேண்டிய இடம் அந்த ஒன்பதாவதுதான். நள்ளிரவில், சிதம்பரத்தில் ஏதோவொரு விடுதி அறையில், அரியர் வைத்த பையன் 'பல நாள்' என்ற பதிலைத் தொட்டால் அடுத்து என்ன? சிரிக்கும் பொம்மையும் மூச்சுப்பயிற்சியும் போதுமா? ஒரு மனிதக் குரல் வேண்டும்.

அது இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மனாஸ் என்ற மனநலத் தொலைபேசி உதவி, எண் 14416. இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. 2024இல் அதற்கே ஒரு செயலியும் வந்தது. புதிதாகச் செய்கிறவர்கள் அந்த எண்ணை முதல் பக்கத்திலேயே வைக்கட்டும்.

அப்புறம், ரகசியம். கடலூர்ப் பக்கம் வீட்டுக்கே ஒரு போன் என்று இருக்கிற குடும்பங்கள் இன்னும் உண்டு. பூட்டில்லாத செயலியில் எந்தப் பெண் மனம்விட்டு எழுதுவாள்? எழுதியது கல்லூரி அலுவலகத்துக்குப் போகும் என்று சின்னச் சந்தேகம் வந்தாலும் போச்சு, அன்றைக்கே செயலியை அழித்துவிடுவார்கள்.