வரப்புச் செடியும் நம்ம மரவள்ளியும்

(ஓமலூர் வட்டாரக் குழுக்களின் மாதக் கூட்டத்தில் பேசியது)



சேமிப்பு, கடன் வரவு எல்லாம் பேசி முடிச்சாச்சு. இன்னைக்கு வரப்பைப் பத்திக் கொஞ்சம் பேசலாம்னு வந்திருக்கோம். குழுக்களைப் பார்க்க ஊர் ஊராகப் போகும்போது, பல காடுகளில் வரப்பும் வேலி ஓரமும் பழுப்பாகக் காய்ந்து கிடப்பதைப் பார்க்கிறோம். களைக்கொல்லி அடித்திருக்கிறார்கள். தும்பை இல்லை, அருகு இல்லை. "பாம்பு அடையுதுங்க, அதான் சுத்தம் பண்ணிட்டோம்" என்றார் ஒரு அக்கா.

அந்தச் செடியோடு சேர்ந்து வேறென்ன போகுது? மரவள்ளியை வைத்துப் பார்த்தால் நமக்கு விளங்கும்.

2020ல் கேரளாவில் ஒரு புது மாவுப்பூச்சியைக் கண்டுபிடித்தார்கள். அது சேலம், நாமக்கல் மரவள்ளிக் காடுகளுக்கும் பரவியது. குருத்து சுருண்டு, செடி குட்டையாகி நின்றுவிடும். மருந்தடிச்சு மாளலை. அதன் மேல் இருக்கிற மெழுகு மாவைத் தாண்டி மருந்து லேசில் இறங்காது. பூச்சிக்குத் தென்னமெரிக்காதான் சொந்த ஊர். அங்கே அதை அடக்க ஒரு குளவி உண்டு, இங்கே கிடையாது. 1970களில் இதே பூச்சி ஆப்பிரிக்காவையும் ஆட்டிப் படைத்தது. 1981ல் நைஜீரியாவில் அந்தக் குளவியை விடத் தொடங்கிய பிறகுதான் அடங்கியது. நம்ம நாட்டுக்கு 2021ல் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, 2022 மார்ச்சில் நம்ம மாவட்டத்து ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வெளியே விட்டார்கள்.

குளவின்னதும் பயப்படாதீங்க. கொசுவைவிடச் சின்னது, நம்மைக் கொட்டாது. மாவுப்பூச்சி உடம்புக்குள்ளே முட்டை வைக்கும். குஞ்சுப் புழு உள்ளிருந்தே பூச்சியைத் தின்று தீர்க்கும். ஆனால் வளர்ந்த குளவிக்கு இனிப்பு வேணும். பூந்தேன் கிடைத்தால் இன்னும் சில நாள் கூட இருந்து, அதிகம் முட்டை வைக்கும். வரப்பில் ஒரு பூ இல்லாமல் கருக்கிவிட்டால் இந்த மாதிரி ஜீவன்களெல்லாம் எதைக் குடிக்கும்? பொறிவண்டுக்கும் தேனீக்கும் இதே கதிதான். அப்புறம் மருந்துக்கடைக்குப் போறோம், அந்தக் கடனும் குழு நோட்டில்தான் ஏறுது.

வெள்ளாட்டுக்குத் தழை எங்கேன்னு தேடி அலைவதும் நாமதான். இன்னொன்றும் சொல்லணும். களை எடுக்கிற கூலி பெண்களுடையது. மருந்து டேங்க் வந்ததும் அந்தக் கூலி போச்சு. இதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

எல்லாச் செடியையும் விட்டுவைங்கன்னு சொல்லலை. பார்த்தீனியம் பூக்கும் முன்னே பிடுங்கத்தான் வேணும், பப்பாளி மாவுப்பூச்சி அதிலும் தங்கும். வீட்டு ஓரம், நடக்கிற தடம் எல்லாம் செதுக்கட்டும். பாம்புப் பயம் நியாயமானதுதான். ஆனால் கடலைக்காட்டில் எலியைப் பிடிப்பதும் அதே பாம்பு. காட்டு வரப்பை முழுசாக ஒரே நாளில் கருக்காமல், பாதியை விட்டுவைத்துப் பாதியை அறுத்தால் போதும்.

காலியான வரப்பில் ஆமணக்கு, அதாங்க நம்ம கொட்டமுத்து, போடலாம். அதன் இலைக்காம்பில் சின்ன முடிச்சு இருக்கும், பூ வராதபோதும் அதில் தேன் கசியும். எறும்பு மொய்ப்பதைப் பார்த்திருப்பீங்க. தட்டைப்பயறிலும் பூவுக்கு வெளியே தேன் சுரக்கும். கொட்டமுத்துக் கொட்டை விஷம். பிள்ளைகள், ஆடுமாடு வாயில் படாமல் பார்த்துக்கணும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது வீட்டில் இருக்கிற கொட்டமுத்து, தட்டைப்பயறு விதை ஒரு கைப்பிடி முடிஞ்சுக்கிட்டு வாங்க. இல்லாத குழுவுக்கு அங்கேயே பங்கு போட்டுக் கொடுத்துடலாம்.