தொகுப்பு வீடு: மிச்ச நிலம் யார் பேரில்?

(ஸ்ரீவில்லிபுத்தூரில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கருத்தரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை அங்கங்கே அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



எனக்குக் கொடுத்த தலைப்பு ‘புறநகர் நிலமும் தொகுப்பு வீடுகளும்.’ நான் கவிதை எழுதுகிறவன். வயித்துப்பாட்டுக்கு வங்கியில் கிளார்க். தொகுப்பு என்று சொன்னால் எனக்குக் கவிதைத் தொகுப்பு ஞாபகம் வரும். எங்க அம்மாவுக்குக் காலனி வீடு ஞாபகம் வரும். நகரமைப்பு படித்தவர்களுக்கு வேற ஒண்ணு ஞாபகம் வரும். நான் பேச வந்தது எங்க அம்மாவுக்கும் அந்த நகரமைப்புக்காரருக்கும் நடுவில் கிடக்கிற நிலத்தைப் பற்றி.

நகரமைப்புக்காரர் சொல்வது இதுதான். ஒரு நிலத்தைச் சதுரம் சதுரமாக அறுத்து ஆளுக்கொரு மனை, நாலு பக்கமும் சுவர், நடுவில் அகலத் தெரு என்று போட்டால் நிலம் வீணாகிறது. வீடுகளை ஒரு மூலையில் நெருக்கிக் கட்டு. மிச்ச நிலத்தை யாருக்கும் தனித்தனியாகப் பிரிக்காமல் எல்லோருக்கும் பொதுவாக விடு. மரம் நிற்கும், தண்ணீர் இறங்கும், பிள்ளைகள் விளையாடும். அமெரிக்காவில் ராட்பர்ன் என்ற ஊரில் 1929-லேயே இதைச் செய்து பார்த்தார்கள். நம்ம நாட்டில் 1980-களில் சார்லஸ் கொரியா நவி மும்பை பேலாப்பூரில் கட்டிக் காட்டினார். ஒரு முற்றத்தைச் சுற்றி ஏழு வீடு, அப்படி மூணு கொத்து சேர்ந்தால் இன்னொரு பெரிய முற்றம். ஒரு வீட்டுச் சுவர் இன்னொரு வீட்டோடு ஒட்டாது. கையில் காசு வரும்போது அவரவர் கூட்டிக் கட்டிக்கொள்ளலாம். ஏழைக்கும் நடுத்தரத்துக்கும் மனை அளவில் பெரிய வித்தியாசம் வைக்கவில்லை. எனக்கு அந்தத் திட்டம் பிடிக்கும். அதை எதிர்க்க நான் வரவில்லை.

ஆனால் யோசித்துப் பாருங்க. வீடுகளை ஒரு மூலையில் நெருக்கி வை, மிச்ச நிலத்தைக் காப்பாற்று என்பது நமக்குப் புதுசா? நம்ம தெருக்கள் எல்லாம் என்ன? ஒரு வீட்டுத் தாழ்வாரத் தண்ணி அடுத்த வீட்டு வாசல்ல விழும். ஆட்டுக்குட்டி கட்ட இடம் இருக்காது. செத்தவனைக் கிடத்த வாசல் பத்தாது. அந்த நெருக்கத்தைத் தாண்டி ஒரு எட்டு வைத்தால் கண்ணுக்கெட்டிய தூரம் வயலும் தோப்பும். சேரிதான் இந்த மண்ணின் ஆகப் பழைய தொகுப்புக் குடியிருப்பு. பேலாப்பூருக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசம் மிச்ச நிலம் யாருக்கு என்பதில்தான். அங்கே மிச்ச நிலம் குடியிருக்கிறவனுக்கு. இங்கே நம்மை நெருக்கி வைத்ததே மிச்ச நிலம் அவனுக்கு முழுசாகக் கிடைக்கணும் என்பதற்காக.

அரசாங்கத்தின் கதையும் இதே நெருக்கத்தில்தான் நடந்திருக்கிறது. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து 1892-ல் பஞ்சமி நில ஆணை வந்தது. அது விவசாய நிலம். 1920-களில் தொழிலாளர் ஆணையர் மூலம் குடியிருப்பு மனை வாங்கிக் கொடுத்தார்கள். நிலம் என்று ஆரம்பித்தது மனை என்று சுருங்கியது. 1974-ல் தாட்கோ வந்தது. அதன் முழுப்பெயரிலேயே வீட்டுவசதி இருக்கிறது. 1978-ல் நம்ம மக்களுக்கு மனை எடுக்கவே தனியாக ஒரு நில எடுப்புச் சட்டம். பெயரில் இன்னும் ‘ஹரிஜன்’ ஒட்டிக்கொண்டிருக்கிறது, போகட்டும். நிலக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். உயர்நீதிமன்றத்தில் விழுந்த சட்டத்தை உச்சநீதிமன்றம் நிமிர்த்தி வைத்தது. 2013-ல் மத்திய அரசின் புதிய நில எடுப்புச் சட்டம் வந்தபிறகு, 2019-ல் மறுபடி உயர்நீதிமன்றத்தில் விழுந்தது. சட்டமன்றம் அதே வருசம் உயிர் கொடுத்தது, 2021-ல் உச்சநீதிமன்றம் அதை ஏற்றது. இதில் ஒரு வேடிக்கை. 2019-ல் ஒரே சட்டத்தால் உயிர் பெற்றவை மூன்று: ஒன்று நம்ம மனைக்கு, ஒன்று மாநில நெடுஞ்சாலைக்கு, ஒன்று தொழிற்சாலைக்கு. மற்ற ரெண்டையும் பயன்படுத்து என்று யாரும் மனுக் கொடுத்துக் காத்திருக்க வேண்டியதில்லை.

இப்ப நம்ம ரெண்டு ஊருக்கு வருவோம். ராஜபாளையத்தில் நூற்பாலை, சத்திரப்பட்டிப் பக்கம் மருத்துவக் கட்டுத்துணித் தறி, ஸ்ரீவில்லிபுத்தூரில் கோவிலும் பால்கோவாவும். நடுவில் பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது. திருமங்கலம் – கொல்லம் நெடுஞ்சாலையை நான்குவழியாக்கும் திட்டம் வந்தபிறகு அந்த வழியில் கல் ஊன்றாத காடு எங்கே இருக்கிறது என்று தேடணும். மேற்கே மலையடிவாரம், 2021-லிருந்து புலிகள் காப்பகம். அந்தப் பக்கம் ஊர் நகர முடியாது. அப்ப ரெண்டு ஊரும் ஒன்றை நோக்கி ஒன்று வளரும். நடுவில் இருக்கிற மானாவாரியும் கண்மாய்ப் பாசனமும் மனையாகும். வளைவு வைத்து, கொடி கட்டி, பேர் வைத்து விற்கிறான். அந்தக் காட்டில் களை எடுத்தவர்கள், கூலிக்குப் போனவர்கள் யார்? நம்ம சனங்க. காடு மனையானதும் நமக்குக் கூலியும் போச்சு, ஆடு மேய்க்கிற இடமும் போச்சு. மனை நமக்கு இல்லை.

ஏன் இல்லை என்பதை நான் கவுன்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்கிறேன். வீட்டுக்கடன் கேட்டு ஒருத்தர் வருகிறார். மூலப்பத்திரம் கேட்போம், வில்லங்கச் சான்று கேட்போம், அங்கீகரிச்ச மனையா என்று கேட்போம். மூணு தலைமுறையாக நிலமே இல்லாதவனிடம் மூலப்பத்திரம் கேட்பது எவ்வளவு பெரிய கேலி என்பது அந்தப் படிவத்துக்குத் தெரியாது. அவரிடம் இருப்பது ஆதிதிராவிடர் நலத்துறை தாத்தாவுக்குக் கொடுத்த பட்டா. அதில் விற்க, அடகு வைக்க நிபந்தனை. நிபந்தனை நல்லதுக்குத்தான், அது இல்லாவிட்டால் அந்த மூணு சென்டும் எப்பவோ கைமாறியிருக்கும். ஆனால் அதே நிபந்தனையால் வங்கி அதை ஈடாக ஏற்காது. தாத்தாவுக்குப் பேரன்கள் நாலு பேர். மூணு சென்டை நாலாகப் பிரித்தால் கட்டில் போடலாம், வீடு கட்ட முடியாது. ‘கலைஞர் கனவு இல்லம்’ 2024-ல் வந்தது. 360 சதுர அடி, மூன்றரை லட்சம் ரூபாய், ஆறு வருசத்தில் எட்டு லட்சம் வீடு. நல்ல திட்டம்தான். ஆனால் முதல் கேள்வி என்ன? சொந்த இடம் இருக்கா? கான்கிரீட்டுக்குக் காசு தருகிற அரசு அதை ஊன்ற இடம் தரவில்லை.

இந்த இடத்தில்தான் தொகுப்புக் குடியிருப்பை நம்ம கோரிக்கையாக எடுக்கணும் என்று சொல்கிறேன். காகிதத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வங்கிக்காரனுக்கு வேறென்ன தெரியும். நாலு ஏக்கர் நிலம். வழக்கமான மனைப்பிரிவு போட்டால் தெருவுக்கும் பூங்காவுக்கும் போக சுமார் 240 சென்டு மிஞ்சும். மூணு சென்டு வீதம் 80 வீடு. நிலம் முடிஞ்சது. அதே 80 வீட்டை நெருக்கிக் கட்டுவோம். வீட்டுக்கு 400 சதுர அடி, பின்பக்கம் 200 சதுர அடி, ஆக 600. எண்பதுக்கும் சேர்த்து 48,000 சதுர அடி, ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். வண்டி வர ஒரு தெரு, நடந்து போகச் சந்துகள், முற்றங்கள் எல்லாத்துக்கும் முக்கால் ஏக்கர் வைங்க. இன்னும் ரெண்டு ஏக்கருக்கு மேல் அப்படியே கிடக்கு. அஸ்திவாரத்தை ஒரு மாடி தாங்குகிற மாதிரி போட்டுவிட்டால் அடுத்த தலைமுறைக்கும் மண்ணைத் தொட வேண்டாம். ரெண்டு ஏக்கரில் ஆட்டுக்கொட்டகை போடலாம், ஒரு கிணறு வெட்டலாம், முருங்கையும் கீரையும் போடலாம். ஒரு தறிக்கூடம் கட்டலாம். கல்யாணத்துக்கு மண்டபம் தேடி அலைந்து, சாதி கேட்டுத் திருப்பி அனுப்பப்பட வேண்டாம். பந்தல் போட இடம் இருக்கும்.

இதை அடுக்குமாடியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. சென்னையில் 2000-லிருந்து கண்ணகி நகரில் 15,000-க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டி, கூவம் ஓரத்தில் இருந்தவர்களைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். பிறகு பெரும்பாக்கம். வேலைக்கும் வீட்டுக்கும் இடையே இருபது கிலோமீட்டருக்கு மேல். அதுவும் நிலத்தை மிச்சப்படுத்துகிற திட்டம்தான். மிச்சமானது நகரத்தின் நடுவில் இருந்த நிலம்; அது அவர்களுக்குக் கிடைக்கவில்லை. எங்கே ‘நிலச் சிக்கனம்’ என்று கேள்விப்பட்டாலும் மிச்சம் எந்தப் பையில் விழுகிறது என்று பாருங்க.

சமத்துவபுரத்தை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. 1997-ல் இந்த மாவட்டத்தில் என்ன நடந்தது என்று இங்கே இருக்கிற மூத்த தோழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு போக்குவரத்துக் கழகம் என்றதும் பஸ்ஸில் ஏறமாட்டோம் என்றார்கள். ரத்தம் சிந்தியது. கடைசியில் அரசு எல்லாத் தலைவர்கள் பெயரையும் மாவட்டங்களிலிருந்தும் கழகங்களிலிருந்தும் அழித்தது. அந்தக் காலத்துத் திட்டம்தான் சமத்துவபுரம். முதலாவது 1998-ல் திருமங்கலம் பக்கம் மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. நூறு வீடு, தலித்துகளுக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10. வாசலில் பெரியார் சிலை. வரிசையில் அடுத்தடுத்த வீட்டில் யார் வேணும்னாலும் இருக்கலாம் என்பதை அரசே செய்து காட்டியது சின்ன விசயம் இல்லை. சிங்கப்பூரில் 1989-லிருந்து அரசுக் குடியிருப்புகளில் இனவாரி ஒதுக்கீடு இருக்கிறது. இங்கே சாதிவாரியாக யோசித்தது நம்ம மண்ணுக்கேற்ற யோசனை.

ஆனால் ஊர் ஊராகவே இருந்தது, சேரி சேரியாகவே இருந்தது. நூறு குடும்பம் மட்டும் வெளியே வந்து சமமாயின. அவர்களுக்கும் கிடைத்தது வீடு. நிலம் இல்லை. வேலைக்குப் பழைய ஊருக்குத்தான் போகணும், பழைய ஆளிடம்தான் நிற்கணும். 1947-ல் அம்பேத்கர் ‘அரசுகளும் சிறுபான்மையினரும்’ நூலில் கேட்டது வேறு மாதிரி. ஒரு குடியேற்ற ஆணையம் வை, சாகுபடியாகாத நிலத்தை எடு, அதில் எங்களுக்குத் தனிக் கிராமங்கள் அமை என்றார். சேர்ந்து இருப்பதா தனியே இருப்பதா என்று நாம் இருபத்தஞ்சு வருசமாகச் சண்டை போடுகிறோம். ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. அவர் கேட்டதில் வீட்டோடு நிலமும் இருந்தது என்பதைத்தான் இந்தச் சண்டையில் மறந்துவிடுகிறோம். என் கருத்தைக் கேட்டால், கலந்த குடியிருப்பு வேணும். ஆனால் பொது நிலத்தில் நம்ம பங்கு காகிதத்தில் இருக்கணும்.

அந்தக் காகிதம் எப்படி இருக்கணும் என்பதில்தான் எல்லாம் இருக்கு. இப்போதைய விதிப்படி 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனைப்பிரிவு போட்டால் தெரு போக மிச்சத்தில் பத்து சதவீதம் திறந்தவெளி. அதை உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதித் தரணும். கேட்க நல்லாருக்கு. உள்ளாட்சி யார் கையில்? தனி ஊராட்சியில் தலைவரானதற்காக 1997-ல் மேலவளவு முருகேசனையும் ஐந்து பேரையும் வெட்டிய நாடு இது. தொகுதி விசயத்தைப் பாருங்க. ராஜபாளையம் ரொம்ப வருசம் தனித்தொகுதி. 2008 மறுவரையறைக்குப் பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் தனித்தொகுதி. சட்டமன்றத்தில் நமக்கு இடம் மாறி மாறி வருகிறது, கண்மாய்க்கரையில் வரவில்லை. ‘பொது’ என்கிற வார்த்தையை நாம் அனுபவத்தில் நம்ப முடியாது. பொதுக் கிணறு, பொதுச் சாவடி, பொது மந்தை எல்லாம் யாருக்குப் பொதுவாக இருந்தன? அதனால் குடியிருப்பின் மிச்ச நிலம் குடியிருப்பவர்களின் கூட்டுறவுச் சங்கத்தின் பேரில் இருக்கணும். வீட்டுப் பத்திரத்திலேயே ‘பிரிபடாத பாகம்’ என்று ஒவ்வொரு வீட்டின் பங்கும் எழுதப்படணும். அடுக்குமாடி வாங்குகிற நடுத்தர வர்க்கத்துக்கு இப்படித்தான் எழுதுகிறார்கள். தினமும் அந்தப் பத்திரங்கள் என் மேசைக்கு வருகின்றன. அவர்களுக்குச் செல்லுபடியாகிற சட்டம் நமக்கும் செல்லும். வீடு பெண்கள் பேரில் இருக்கட்டும். சங்கத்திலும் அவர்களே பெரும்பான்மையாக இருக்கட்டும். நகராட்சிக் குடியிருப்புகளில் இருக்கிற துப்புரவுத் தொழிலாளிக்கு, அருந்ததிய மக்களுக்கு, வேலை போனால் வீடும் போகிறது. இந்தப் பட்டியலில் அவர்கள் முதலில் வரணும். நம்மிலேயே கொஞ்சம் வசதியானவர்கள் முந்திக்கொள்ளக் கூடாது. இதை இங்கே சொல்லாமல் வேறெங்கே சொல்வது?

இன்னொன்று, சுவர். உத்தபுரத்தில் 1989-ல் எழுப்பிய சுவரின் ஒரு பகுதியை உடைக்க 2008 வரை போராட வேண்டியிருந்தது. மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 அதிகாலை மழையில் பக்கத்து வீட்டு மதில் சரிந்து நம்ம மக்கள் 17 பேர் தூக்கத்திலேயே செத்தார்கள். அங்கே மிச்ச நிலம் முழுக்க மதிலுக்கு அந்தப் பக்கம். மதில் விழ மட்டும் இந்தப் பக்கம் இடம் இருந்தது. புதுசாக வருகிற குடியிருப்புகளுக்கு கேட் வைத்து, காவலாளி வைத்து, நாலு பக்கமும் மதில் எழுப்புகிறார்கள். ராஜபாளையம் ரோட்டிலும் அது வரும். நமக்கு வேண்டிய தொகுப்பு மதில் இல்லாதது.

கடைசியாக மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. அதே மனைப்பிரிவு விதியில் இன்னொரு வரி இருக்கிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், தெரு போக மிச்சத்தில் பத்து சதவீதத்தைப் பொருளாதாரத்தில் நலிந்தவர்களுக்கான மனைகளாகப் பிரித்து அவர்களுக்கே விற்கணும். வரைபடத்தில் அவை பெரும்பாலும் ஒரு ஓரத்தில் சின்னச் சின்னக் கட்டமாக, இ.டபிள்யூ.எஸ். என்று எழுதியிருக்கும். அந்தக் கட்டங்களைச் சேர்த்தாலே பல இடங்களில் நான் சொன்ன தொகுப்புக்கு நிலம் தேறும். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் 2019-க்குப் பிறகு அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவுகள் எத்தனை, ஒவ்வொன்றிலும் இந்த மனைகள் எத்தனை, அவற்றை யார் வாங்கினார்கள்? நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கு ஒரு மனு, சார்பதிவாளர் அலுவலகத்துக்கு ஒரு மனு. தகவல் உரிமைச் சட்டத்தில் மனுவுக்குப் பத்து ரூபாய் கோர்ட் வில்லை ஒட்டினால் போதும். எழுதுகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாங்க. சர்வே எண்களை எப்படிக் கேட்பது என்று உட்கார்ந்து எழுதுவோம்.