வீடு யார் பெயரில்?



இந்த உரைக்கு ஏற்பாடு செய்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தார், ஊருக்கு உதவும் விடயம் ஒன்றைப் பேசச் சொன்னார்கள். வீட்டுக்குள் விழும் அடியைப் பற்றிப் பேசுகிறேன். மேடையில் பேசக் கூசும் விடயம்தான். ஆனால் ஆய்வாளர்கள் இதை எண்ணிப் பார்த்துவிட்டார்கள்.

உளவியலாளர் கிளோடியா கட்டானி முதலானோர், சுனாமிக்குப் பின் வடகிழக்கில் 296 தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளைச் சந்தித்து, 2008இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அந்தப் பிள்ளைகளில் 82.4 வீதத்தினர் போரில் எதையாவது அனுபவித்திருந்தார்கள். கடல் 70 வீதத்தினரைத் தொட்டிருந்தது. வீட்டுக்குள் ஏதோ ஒரு கொடுமையை அனுபவித்ததாகச் சொன்னவர்கள் 95.6 வீதம். ஒரே ஒரு தடவை பட்டதும் அந்தக் கணக்கில் சேரும் என்பதால், இந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு நான் அலறப்போவதில்லை. அடுத்த முடிவுதான் எனக்கு முக்கியம். தகப்பனின் குடியும், முன்பு பட்ட போரின் அளவும் கூடக்கூட, பிள்ளை சொன்ன கொடுமைகளும் கூடியிருந்தன.

மட்டக்களப்பு மாவட்டத்தின் இந்த வாகரைக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. 2004 ஏப்ரலில் வெருகலில் சண்டை. அதே ஆண்டு டிசம்பரில் கடல். 2006 நவம்பர் 8 அன்று கதிரவெளியில் அகதிகள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்தின் மேல் ஷெல். 2007 ஜனவரியில் ஊரே வெறுமை. ஆயுத இயக்கத்துக்குப் பிடித்துப் போவார்கள் என்ற பயத்தில், வயது வராத பிள்ளைகளுக்குக் கலியாணம் கட்டிவைத்த காலமும் அதுதான்.

“எல்லாம் கசிப்பால் வந்த வினை” என்று சொல்லிக் கைகழுவுவது நமக்கு இலகு. குடி பெரிய காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அமெரிக்காவில் மறே ஸ்ட்ரோஸ், ரிச்சர்ட் கெல்லஸ் என்ற சமூகவியலாளர்கள் 1975இல் நாடளாவிய ஆய்வு செய்தபோது, அடிப்பவன் நோயாளி என்ற எண்ணத்தையே கேள்விக்கு உட்படுத்தினார்கள். சாதாரணக் குடும்பங்களிலும் அடி நடந்தது. யாருக்கு அதிகாரம், யார் பார்க்கிறார்கள், அடித்தால் என்ன நட்டம் என்பவற்றைத் தேடச் சொன்னார்கள். இந்தக் கேள்விகளை நமது மண்ணில் கேட்டால் அவை வீட்டு வாசலில் வந்து நிற்கின்றன.

மட்டக்களப்பில் மகளுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். தாய் வீடு, பக்கத்து வளவில் அக்கா, பின் வளவில் தங்கச்சி. இரவில் ஒரு வீட்டில் சத்தம் கேட்டால் நாலு வீட்டு விளக்கு எரியும். கோபித்துக்கொண்டு வெளியே போக வேண்டியவர் கணவர்தான். பிள்ளைகள் தாயோடு, அம்மம்மாவின் கண்ணெதிரில். இந்த ஏற்பாட்டை அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆராய்ந்தவர் மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே. அடி இங்கே இருக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. தடுக்க ஆட்கள் இருந்தார்கள்.

சுனாமியும் இடப்பெயர்வும் இந்த வளவுகளைக் கலைத்தன. திட்ட வீடுகள் வரிசையாக எழுந்தன. யாருக்குப் பக்கத்தில் யார் என்பதை உறவு தீர்மானிக்கவில்லை. படிவத்தில் “குடும்பத் தலைவர்” என்ற இடத்தில் பெரும்பாலும் கணவரின் பெயர் ஏறியது. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமோ, வாரிசுரிமையில் ஆணுக்கே முதலிடம் கொடுத்தது. 2022இல்தான் அது திருத்தப்பட்டது. தாய்வழியே வந்த வீட்டை, உதவி செய்கிறோம் என்று வந்தவர்களே ஆண் பெயருக்கு மாற்றினார்கள். தீய நோக்கம் கிடையாது. இங்கே வீடு யாருடையது என்று ஊரைக் கேட்காத நிருவாகம், அவ்வளவுதான்.

பெயரில் என்ன இருக்கிறது என்பவர்களுக்குக் கேரளத்திலிருந்து ஒரு கணக்கு. திருவனந்தபுரம் மாவட்டத்தில் பிரதீப் பாண்டாவும் பினா அகர்வாலும் செய்த ஆய்வு 2005இல் வெளிவந்தது. காணியோ வீடோ இல்லாத பெண்களில் 49 வீதத்தினர் கணவரிடம் அடிபட்டிருந்தார்கள். காணியும் வீடும் இரண்டுமே சொந்தமாக உள்ளவர்களில் 7 வீதம்.

இதற்கொரு மறுபக்கமும் உண்டு. மகளுக்கு வீடு கட்ட வேண்டுமென்றே மத்திய கிழக்குக்குப் போன தாய்மார் எத்தனை பேர்! நாளைக்கு மகளைக் காக்கப்போகும் வீட்டுக்காக, இன்றைக்கு அதே மகளைத் தாயில்லாமல் விடுகிறோம். இதற்கு என்னிடம் இலகுவான விடை இல்லை.

அடியைத் தடுக்கச் சட்டம் இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் பாதுகாப்புக் கட்டளை கொடுக்கலாம். அடித்தவர் வீட்டுக்குள் நுழையாமலும் தடுக்கலாம். ஆனால் நீதிமன்றம் போய்வர ஒரு நாள் கூலி போகும். அதனால் பெரியவர்கள் கூடி, “பிள்ளைகளுக்காகப் பொறுத்துக்கொள்” என்று திருப்பி அனுப்புகிறார்கள். அந்தப் பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டே வளர்கிறார்கள். சிலர் சிறுவர் இல்லத்துக்குப் போகிறார்கள். இல்லங்களில் இருக்கும் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார் என்பது நமக்கு வெட்கம். ஆசிரியர்களுக்கும் ஒன்று: பள்ளிக்கூடத்தில் பிரம்பெடுக்கக் கூடாது என்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கை வந்து ஆண்டுகள் பலவாகிவிட்டன. வீட்டில் அடிபட்டு வரும் பிள்ளை, அடிக்கும் ஆசிரியரிடம் அதைச் சொல்லாது.

பிரதேச செயலக அலுவலர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த வீட்டுத் திட்டப் பட்டியலை எழுதும்போது, அந்த வளவு யாருடைய தாயிடமிருந்து வந்தது என்று கேட்டு, அந்தப் பெண்ணின் பெயரையே எழுதுங்கள். தாய்மாரே, மகளுக்குக் கொடுக்கும் வீட்டின் உறுதியை அவள் பெயரிலேயே எழுதி, அவள் கையிலேயே கொடுங்கள். பக்கத்து வீட்டில் பிள்ளை அழும் சத்தம் கேட்டால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்.