வாடகைக்கு ஓடும் சொந்தக் கார்: அடிபட்டால் யார் பொறுப்பு?



தானாக ஓடும் காரை வாங்கினால், நீங்கள் பயன்படுத்தாத நேரத்தில் அது டாக்ஸியாகச் சம்பாதித்துத் தரும் என்று 2019-லேயே சொன்னார் ஈலான் மஸ்க். கேட்க நல்லாத்தான் இருக்கு! டிரைவர்கள் வேலை போய்விடும், இங்கே வர விடமாட்டேன் என்று 2023-ல் அமைச்சர் நிதின் கட்கரி சொல்லிவிட்டார்.

ஆனா சிக்கல் ஏற்கெனவே நம்ம தெருவுல இருக்கு. வெள்ளை போர்டு சொந்தக் காரை ஏர்போர்ட் சவாரிக்கு விடுறோம். மத்திய கைலாஷ் பக்கம் முன்னாடி போற பைக்கில் இடிச்சிடுச்சுன்னு வையுங்க. தனியார் கார் பாலிசியில் வாடகை ஓட்டம் சேராது. காரின் சேதத்துக்குப் பணம் மறுக்கப்படும். அடிபட்டவருக்குக் கொடுத்த இழப்பீட்டையும் உங்ககிட்டயே வசூலிக்க வழியிருக்கு. பர்மிட் இல்லாததுக்கு மோட்டார் வாகனச் சட்டம் 192ஏ பிரிவில் 10,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு. கார் கடன் தவணை மட்டும் நிக்காது.

வரியும் பர்மிட்டும் கட்டி ஓட்டுற மஞ்சள் போர்டு அண்ணன்களின் கோபமும் நியாயம்தான். தினமும் ஓட்டுறவங்க மஞ்சள் போர்டுக்கு மாறிடுங்க. எப்பவாவது ஓட்டுறவங்களுக்கு எளிய பர்மிட்டும், அமெரிக்காவில் ஊபர் ஓட்டுபவர்களுக்கு இருப்பதுபோல் கூடுதல் காப்பீடும் வேண்டும். இதுதான் அரசுக்கு நம் கோரிக்கை.

இன்னைக்கு ராத்திரி பாலிசியை எடுத்து, வண்டியை எதுக்குப் பயன்படுத்தலாம்னு போட்டிருக்கிற பகுதியைப் படிச்சிடுங்க.