கொச்சை என்பது யார் வைத்த பெயர்?

(சிற்றூர்க் கல்லூரி ஒன்றின் இளங்கலை மாணவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, மொழியியல் நம்ம பக்கத்துச் சின்னக் கல்லூரிகள்ல தனிப் பட்டப்படிப்பா பெரும்பாலும் கெடையாது. பி.ஏ. தமிழில் ஒரு தாளா வரும். ஒலியன், உருபன்னு மனப்பாடம் பண்ணி, பரீட்சை முடிஞ்சதும் மறந்துடுவோம். இந்த ஒரு தாளை மட்டும் மறக்காதீங்கன்னு கேட்கத்தான் வந்தேன்.

சேரியிலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குள் நுழைகிற பிள்ளை முதலில் இழப்பது வாயை. பேசினா வகுப்பு சிரிக்குது. 'கொச்சையாப் பேசாதே' என்கிறார் ஆசிரியர். மூணு வருஷமும் கடைசி பெஞ்சில் ஊமையா உட்கார்ந்து போன பிள்ளைகள் எத்தனை பேர்! அதே ஆசிரியர் அடுத்த வகுப்பில், எல்லாப் பேச்சு வழக்குக்கும் இலக்கணம் உண்டு என்று மொழியியல் நடத்துவார். அது எப்படி ஐயா என்று எழுந்து கேளுங்க.

இலக்கணம் இருக்கத்தான் செய்யுது. 'படித்தான்' நம்ம வாயில 'படிச்சான்'. 'வைத்தான்', 'வச்சான்'. அப்போ 'படுத்தான்' ஏன் 'படுச்சான்' ஆகல? முன்னால இகரமோ ஐகாரமோ இருந்தா அந்தத் தகரம் சகரமாகும். உகரம் இருந்தா ஆகாது. எழுத்தே தெரியாத நம்ம ஆயா இதுல ஒருநாளும் தப்பு விடாது. அக்கிரகாரத்துப் பேச்சும் இதே விதிதான். 'பழம்' என்பதைப் 'பயம்' என்றால் சிரிக்கிறவர், தானே 'பளம்' என்கிறார். ழகரம் ரெண்டு பேரிடமும் இல்லை. அப்போ சிரிப்பு ஒலியைப் பார்த்து வரல, ஆளைப் பார்த்து வருது.

வட இந்தியக் கிராமம் ஒன்றின் பேச்சை ஆராய்ந்து ஜான் கம்பர்ஸ் 1958இல் ஒரு கட்டுரை எழுதினார். தீண்டப்படாத சாதியினர் மற்றவர்களோடு தினமும் வேலை செய்கிறார்கள். ஆனாலும் பேச்சு பிரிந்தே நிற்கிறது. எவ்வளவு நேரம் பழகுகிறார்கள் என்பதல்ல, சிநேகமாகப் பழக முடிகிறதா என்பதுதான் காரணம் என்றார். களத்துல சேர்ந்து நிக்கலாம், திண்ணையில சேர்ந்து உட்கார முடியாது. ஊர் வேறு சேரி வேறு என்பது நாக்கிலும் பதிந்திருக்கிறது. தமிழின் சாதிக் கிளைமொழி பற்றி 1968இல் ஏ.கே. ராமானுஜன் எழுதியது முக்கியமான கட்டுரை, படியுங்க. ஆனால் அவர் ஒப்பிட்டது ஐயங்கார் பேச்சையும் முதலியார் பேச்சையும். (பார்ப்பனரல்லாதார் என்றால் முதலியாரோடு முடிஞ்சிடுது!) சேரியின் பேச்சை எழுத நீங்கதான் இருக்கீங்க.

மூன்றாம் ஆண்டில் ஆய்வேடு கேட்டால் ஒன்று செய்யுங்க. உங்க ஊர் டீக்கடையில் யார் யாரை 'நீ' என்கிறார், யாருக்கு 'நீங்க', யாருக்கு 'வாடா' என்று ஒரு வாரம் குறிச்சு வையுங்க. அறுபது வயசுப் பெரியவரை பத்து வயசுப் பையன் 'டா' போட்டால், ரெண்டு பேர் வயசையும் சாதியையும் பக்கத்திலேயே எழுதுங்க. நோட்டும் பேனாவும் போதும். ஊர்த்தெருவுக்கு மட்டும் தனியாப் போகாதீங்க, ரெண்டு பேராப் போங்க.